கோலைக் காலியாக விடச் சொன்னவள்

டேப்லெட் திரையை மருந்துப் பாட்டில்களில் சாய்த்தால் வழுக்கியது, தலையணையில் சாய்த்தால் அமுங்கியது. பல்லுக்காரர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்த அவர் மனைவி கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்.

"பிசினைத் தடவுங்க. நிக்கும்."

சாகக் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் அவள் சொன்னபடிதான் செய்தார். ஜன்னலோரம் இருந்த டப்பாவைத் திறந்து, தேன் நிறத்தில் இருந்த பிசினை விரலால் வழித்து, டேப்லெட்டின் அடியில் தடவி, கட்டிலோடு ஒட்டிய சின்ன மேஜையில் வைத்து அழுத்தினார். கம்மென்று நின்றது.

"முப்பது வருஷத்துல இந்தச் சனியன் இந்த வீட்டுக்குச் செஞ்ச முதல் நல்ல காரியம்" என்றார்.

அவள் உதடு லேசாக விரிந்தது. மேல்வரிசையில் ஒரு முன்பல் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாயல் வெள்ளையாகத் தெரிந்தது. அது அவர் செய்த பல்.

அவர் பல்செட்டு செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டரின் அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறையில் உட்கார்ந்து, மெழுகிலும் மாவிலும் அடுத்தவர் சிரிப்பைச் செதுக்கிக் கொடுக்கிறவர். பெரிய சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிற மனிதர். அவருக்கு வாய்த்தவளோ ஹேண்ட்பால் ஆட்டக்காரி, அதுவும் நாட்டு அணியில் இடது ஓரத்தில் ஆடியவள். அந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். கோலுக்கு முன்னால் வளைவாக ஒரு கோடு இருக்கும். அதற்குள் கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, கால் தரையில் படுவதற்குள் எறிந்துவிடலாம்.

"தரைக்குத்தான் தடை, காத்துக்கு இல்ல" என்பாள். குள்ளமானவள்தான். அந்த மூலையிலிருந்து பார்த்தால் கோல் ஒரு சாண் அகலம்தான் தெரியும். அந்த ஒரு சாணுக்குள் பந்தை நுழைக்க அவளைப்போல இன்னொருத்தி இல்லை என்று அவளோடு ஆடியவர்களும் சொன்னார்கள், அவளிடம் தோற்றவர்களும் சொன்னார்கள்.

அப்படி எம்பிய ஒரு நாளில் யாரோ ஒருத்தியின் முழங்கை வாயில் பட்டது. பல்லைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு உள்ளறைக்கே நேராக வந்து நின்றாள்.

"இதை ஒட்டிக் குடுங்க. சாயங்காலம் இன்னொரு மேட்ச் இருக்கு."

வாயில் ஈ போவது தெரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மேட்ச் பார்க்கப் போனார். அவள் எம்பி, எறிந்து, தரையில் விழுந்து உருண்ட சத்தம் கேட்டதும் அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எழுந்து வெளியே வந்தவர்தான். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அரங்கத்தின் வாசற்படியில் ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருப்பார். உள்ளே ஒருமுறைகூடப் போனதில்லை. முழங்கால் போய் அவள் ஆட்டத்தை விட்டபோது, அப்பாடா, இனி நிம்மதி என்று நினைத்தார். அவள் மறுவாரமே சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சாகப் போய்ச் சேர்ந்தாள்.

பெரிய அணிகள் கூப்பிட்டன. கார் தருகிறோம் என்றார்கள், வீடு தருகிறோம் என்றார்கள். "பெரியவங்களுக்கு விழக் கத்துக் குடுக்க முடியாதுங்க. வெக்கப்படுவாங்க" என்று சொல்லி மறுத்துவிட்டாள். அவளிடம் சேரும் பிள்ளைக்கு முதல் மாதம் பந்தே கிடையாது. விழுவது மட்டும்தான் பாடம். தோளைக் கொடுத்து, உருண்டு, எழுந்து நிற்க வேண்டும். விழப் பயந்தவளுக்கு எம்ப வராது என்பது அவள் கட்சி. ஊரில் எந்தப் பள்ளி வராந்தாவிலாவது ஒரு பெண் தடுக்கி விழுந்து, உருண்டு, ஒன்றும் நடக்காததுபோல எழுந்து நடந்தால், அது நம் கோச்சிடம் போகிற பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அந்தப் பிள்ளைகள்தான் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பந்து நழுவாமலிருக்க விரலில் பூசும் பிசினை அவர்களும் அவளும் வீடு முழுக்க அப்பினார்கள். கதவுப் பிடியிலும் ஃபிரிட்ஜிலும் ரிமோட்டிலும் அது இருந்தது. ஒரு தடவை அவர் வேலைக்கு வைத்திருந்த இளஞ்சிவப்பு மெழுகிலும் கலந்து, ஒரு பெரியவரின் பல்செட்டு அச்சிலிருந்து வராமல் அடம்பிடித்தது. எண்ணெய்த் துணியும் கையுமாகத் துடைத்துத் துடைத்தே அவருக்குப் பாதி ஆயுசு போயிற்று.

இன்று லீகின் கடைசி ஆட்டம். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள், ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. படுக்கையில் விழுந்த பிறகும் அவள் ஆட்டத்தை விடவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் அப்பா கேலரியிலிருந்து போனில் நேரலையாகப் படம்பிடித்து அனுப்புவார். இடைவேளையில் உதவி கோச் போன் போடுவாள். அவள் மருந்துக்கடை வைத்திருப்பவள், கோச்சிடமே வளர்ந்தவள்; கோச்சை அக்கா என்றும் பல்லுக்காரரை மாமா என்றும் கூப்பிடுவாள். பெஞ்சில் கோச்சின் நாற்காலியை மட்டும் காலியாக விட்டு, அதன்மேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போடுவார்கள். இவள் இங்கிருந்து இரண்டு வார்த்தை சொல்வாள். அதற்குத்தான் அந்தப் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள்.

காலையில் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எனக்கு என்ன ஆனாலும் சரி. கடைசி விசில் அடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைங்க காதுக்குப் போகக் கூடாது. சொல்லுங்க, போகாதுன்னு."

"என்ன பேச்சு பேசற நீ?"

"சொல்லுங்கன்னா."

"போகாது."

"உங்க பல்லு மேல சத்தியமா?"

"உன் பல்லு மேல சத்தியமா."

அதைக் கேட்டு அவளுடைய அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை.

ஆட்டம் தொடங்கியது. எதிரணியில் எல்லாம் பனைமர உயரம். நம் பிள்ளைகள் முட்டி மோதிப் பார்த்தும் வழி கிடைக்கவில்லை. கோலில் நின்றவளை மட்டும் பல்லுக்காரருக்கு அடையாளம் தெரிந்தது. கனத்த உடம்பு, அகலத் தோள். பள்ளிக்கூடத்தில் அவளை 'பீரோ' என்று கூப்பிடுவார்களாம். முதல் நாள் அதைக் கேட்ட கோச், "பீரோ மூலையில கிடக்கும். இவ கதவு. இவளைக் கேக்காம உள்ள ஒருத்தன் போக முடியாது" என்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் கதவு.

மருந்துக்கடைக்காரிக்கு அந்தப் பிள்ளைமேல் நம்பிக்கை இல்லை. இந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்தே எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறாள். "நல்ல பொண்ணுதான்க்கா. நின்ன இடத்துல நின்னா யாரும் அசைக்க முடியாது. ஆனா ஓட்டம் வராதே." கோச் டீயை உறிஞ்சிக்கொண்டே இருப்பாள்.

கதவு ஒன்றைக் காலால் தடுத்தாள், ஒன்றை நெஞ்சால் தடுத்தாள். அப்படியும் நான்கு கோல் பின்தங்கிவிட்டார்கள். பல்லுக்காரர் கட்டிலோரம் உட்கார்ந்து மனைவியின் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பந்து முறித்து முறித்துக் கோணிப்போன சுண்டுவிரல் அவர் உள்ளங்கையில் இருந்தது.

"என்னங்க."

"சொல்லும்மா."

"கோலைக் காலியா விடச் சொல்லுங்க."

"எதை?"

"கோலை. கீப்பரை வெளிய எடுத்துட்டு, ஏழு பேரும் முன்னாடி போகட்டும்."

பல்லுக்காரர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். மூன்று நாளாகவே பேச்சு இப்படித்தான் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தது. நேற்று, செத்துப்போன அம்மாவிடம் ஷூவை வெயிலில் வைக்கச் சொன்னாள். கோலைக் காலியாக விட்டுவிட்டு யாராவது ஆடுவார்களா?

"அவ ஓடி வந்துடுவா" என்றாள்.

"யாரும்மா?"

திரையைப் பார்த்த கண் அப்படியே இருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்கு அவர் காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தாள். திரையில் இடைவேளை விசில் அடித்தது, பிள்ளைகள் துண்டை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு ஓடினார்கள். அடுத்த மூச்சு வரவே இல்லை.

அக்கா குனிந்து தங்கையின் கண்களை மூடினாள். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பல்லுக்காரர் கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. விரலில் இருந்த பிசின் அவள் கையோடு ஒட்டியிருந்தது.

அப்போது போன் அடித்தது.

"மாமா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அக்காகிட்ட குடுங்க, சீக்கிரம்" என்றாள் மருந்துக்கடைக்காரி. பின்னால் பிள்ளைகள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அத்தனை பேரும் அந்தக் காலி நாற்காலியைச் சுற்றி நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். சத்தியம் நினைவுக்கு வந்தது, அந்த வெள்ளைப் பல்லும் கண்ணில் பட்டது.

"கண்ணை மூடியிருக்காம்மா. எழுப்ப வேண்டாம்." தன் குரல் தனக்கே யாருடையதோபோல இருந்தது. "சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா. கோலைக் காலியா விடணுமாம். கீப்பரை வெளிய எடுத்துட்டு ஏழு பேரும் முன்னாடி போகணுமாம்."

இதோ கண்டுபிடித்துவிடப் போகிறாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அக்காவா சொன்னாங்க?"

"அவளேதான்."

"அடேயப்பா!" என்றாள் மருந்துக்கடைக்காரி. "எமகாதகி! படுத்துக்கிட்டே இதை யோசிச்சிருக்காங்க பாருங்க. சரி மாமா, வெச்சுடறேன்."

அப்படியானால் அது பிதற்றல் இல்லை. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். 'நான் என்னிக்குங்க பிதற்றியிருக்கேன்?' என்று கேட்பதுபோல இருந்தாள்.

திரையை அணைக்க மனம் வரவில்லை. அக்கா எழுந்து வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். மூன்று பேருமாக அந்த ஆட்டத்தைப் பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பந்து நம் பிள்ளைகள் கையில் இருக்கும்போது கீப்பர் வெளியே வந்துவிட, ஏழாவது ஆளாக ஒருத்தி உள்ளே போனாள். ஏழு பேரைச் சமாளிக்க, கீப்பர் போக ஆறு பேரே இருந்த எதிரணியால் முடியவில்லை. ஒரு கோல் விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. ஆனால் பந்து கைமாறிய கணம்தான் ஆபத்து. யாராவது வெளியிலிருந்து ஓடிவந்து அந்தக் காலிக் கோலில் நின்றாக வேண்டும். ஓடிவந்தவள் கதவு இல்லை. ஒல்லியாக ஒரு பிள்ளை, இரண்டாவது கீப்பர். மான்குட்டிபோல ஓடினாள், நேரத்துக்கு வந்தும் சேர்ந்தாள், வந்து நின்று பந்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அரங்கத்தின் அந்தக் கோடியிலிருந்து எறிந்த பந்து உள்ளே போயிற்று. மறுமுறையும் அதே கதை.

படம் ஆடி, பெஞ்சுப் பக்கம் திரும்பியது. கோடியில் ஒரு பெரிய உருவம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தது. தோள் குலுங்கியது.

பல்லுக்காரருக்குச் சுரீர் என்றது.

போன வருடம் முழுக்க அவர் மனைவி பயிற்சி முடிந்து தாமதமாகத்தான் வீட்டுக்கு வருவாள். ஆறிப்போன சாப்பாட்டைச் சுடவைத்துக்கொண்டே அவர் திட்டுவார். "எல்லாரும் போன பிறகு அங்க என்னதான் பண்ற?" என்றால், "ஒருத்தியை ஓடவிட்டுட்டு வரேன். பெஞ்சுலேர்ந்து கோலுக்கு. மறுபடியும் பெஞ்சுலேர்ந்து கோலுக்கு" என்பாள். நோய் வந்து நிற்க முடியாமல் போன பிறகும், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஓடவிட்டாள். யாரை என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவ ஓடி வந்துடுவா.

பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். கீப்பரை வெளியே எடு என்பதை மட்டும் அந்தப் பிள்ளை காதில் போட்டுவிட்டு, மீதியைப் பிதற்றல் என்று விழுங்கிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் விசில் அடித்துவிடும். கோச் போய்விட்டாள் என்று அவளுக்கும் தெரிந்துவிடும். கோச் கடைசியாகச் செய்தது என்னை வெளியே எடுத்ததுதான் என்பது அந்தப் பிள்ளை மனசில் ஒட்டிக்கொள்ளும். அதை எந்த எண்ணெய்த் துணியாலும் துடைக்க முடியாது.

போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்.

"அக்கா, நான் பாதிதான் சொன்னேன்" என்றார்.

அக்காவுக்கு என்ன புரிந்ததோ, தங்கையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள். "போங்க தம்பி. நான் இவகூட இருக்கேன். டாக்டருக்கும் சொல்லிக்கிறேன். நீங்க ஓடுங்க."

ஓடினார். வாழ்நாளில் பேருந்துக்குக்கூட ஓடாத மனிதர், வீட்டுச் செருப்போடு மூன்று தெரு ஓடினார். ஒரு சைக்கிள்காரன், "யோவ், பாத்துப் போய்யா!" என்று கத்தினான். அரங்கத்தின் வாசற்படி வந்தது. கால் பழக்கத்தில் அங்கேயே நின்றது. உள்ளேயிருந்து ஷூக்கள் தரையில் கீச்சிடும் சத்தமும், யாரோ விழுந்த சத்தமும் கேட்டன. கதவுப் பிடியைப் பிடித்தார். பிசின். உள்ளே போனார்.

இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றதும் மருந்துக்கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"மாமா? நீங்க எப்படி உள்ள... அக்காவுக்கு என்ன?"

"வீட்லதான் இருக்கா. அவ அக்கா கூட இருக்காங்க" என்றார். மூச்சு இரைத்தது நல்லதாகப் போயிற்று. குரல் உடைந்ததை அது மறைத்தது. "நான்தான் பாதிய விட்டுட்டேன். அவ இன்னொண்ணும் சொன்னா."

கதவு துண்டை விலக்கிப் பார்த்தாள். கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பதினைந்து வயதுக் குழந்தை. பல்லுக்காரர் அவள் முன்னால் குனிந்தார்.

"கீப்பரை வெளிய எடுங்க, அவ ஓடி வந்துடுவான்னு சொன்னா. உன்னைத்தான் சொன்னா. வேற யாரையும் சொல்லல."

"கோச்சா?"

"உன் கோச்சுதான். எத்தனை நாள் என் சோத்தை ஆறவெச்சு உன்னை ஓடவிட்டா? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

கதவு மூக்கைத் துண்டில் துடைத்தாள். எழுந்தாள். மருந்துக்கடைக்காரியை அவள் பார்த்தாள், மருந்துக்கடைக்காரி பல்லுக்காரரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"சரி, போ" என்றாள் மருந்துக்கடைக்காரி. "பெஞ்சுக்கு முன்னால இருக்கற கோட்டுல நில்லு. பந்து போன அந்த நிமிஷம் ஓடணும்."

நம் பிள்ளைகள் ஏழு பேராக முன்னேறினார்கள். நாலு கோல் வித்தியாசம் இதற்குள் ஒன்றாகக் குறைந்திருந்தது; சமன் செய்ய ஒரு கோல்தான் பாக்கி. எறிந்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்து எதிரணிக்காரி ஒருத்தியின் கையில் விழுந்தது. அவள் நிமிர்ந்து, அந்தக் கோடியில் ஆளில்லாமல் கிடந்த கோலைப் பார்த்தாள்.

கதவு அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தாள். அது அழகான ஓட்டம் ஒன்றுமில்லை. தரை அதிர்ந்தது. கேலரியில் யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. பந்து அவள் தலைக்கு மேல் வளைந்து போய்க்கொண்டிருந்தது, அதற்குக் கீழே அவள் ஓடிக்கொண்டிருந்தாள். கோலுக்கு முன்னாலிருந்த வளைவுக் கோட்டைத் தாண்டினாள், திரும்பினாள், எம்பினாள். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி விழுந்தாள். தோளைக் கொடுத்து, உருண்டு, எழுந்து நின்றாள்.

பல்லுக்காரர் இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை.

அரங்கம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. மருந்துக்கடைக்காரி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாத்தீங்களா மாமா! வந்துட்டா பாத்தீங்களா! வீட்ல அக்கா பாத்திருப்பாங்கல்ல?"

"அவ முன்னாடியே பாத்துட்டா" என்றார்.

உட்கார இடம் தேடினார். பெஞ்சில் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். அதன்மேல் இருந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார். கதவு கோலில் நின்றபடி இந்தப் பக்கம் பார்த்தாள். அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

மேலே கடிகாரத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அவள் ஆடுவதை ஒருநாளும் முழுசாகப் பார்க்காத மனிதர், நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, இது முடியாமல் இருக்கட்டும், முடியாமல் இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஓங்கி ஊதினார்.

பல்லுக்காரருக்கு மூச்சு நின்றது.

கடைசி விசில் இல்லை, ஃபவுல்தான். யாரோ ஒருத்தி பந்தைக் கோட்டருகே வைத்தாள், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் மறுபடியும் ஆடத் தொடங்கினார்கள்.